வாட்ச் கண்ணாடியில் கீறல்: மினரலா, சஃபையரா, பழைய பிளாஸ்டிக்கா?

சைட்_நெல்லை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் கட்டட வேலை பார்க்கும் சைட் இன்ஜினியர் நான். நான்கு மாதத்துக்கு முன்னால் சம்பளம் கூடியதும் ஆசைப்பட்டு ஒரு வாட்ச் வாங்கினேன். ஸ்டீல் கேஸ், கறுப்பு டயல், மினரல் கண்ணாடி (பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடி), 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கம்பெனி பெயர் வேண்டாம், குறை வாட்ச் மேல்தானா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது வெயிலில் கையைத் திருப்பினால் மணி தெரிவதில்லை. கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கோடு. நான்கு மணிக்குப் பக்கத்தில் ஒரு கீறல் ஆழமாக இருக்கிறது, நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது.

எளிதில் கீறாது என்கிறார்களே, அடுத்தது அந்த சஃபையர் கண்ணாடியாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பிரச்சினை தீருமா? 6,000 ரூபாய்க்குள் சஃபையர் என்று போட்டு விற்பதை நம்பலாமா? இல்லை, இந்த வாட்ச்சையே காப்பாற்ற வழி இருக்கிறதா? டூத்பேஸ்ட் தேய்த்தால் போகும் என்று நண்பன் சொன்னான். அரை மணி நேரம் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை.

ஈரோடு_ரைடர்

சஃபையர் வாங்குங்கள் ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். இரண்டு வருடமாகத் தினமும் கட்டுகிறேன். பைக், ஜிம், கிரிக்கெட், எல்லாவற்றுக்கும் அதே வாட்ச்தான். கேஸ் பூரா கீறல், பக்கிளில் பாலிஷே போய்விட்டது. கண்ணாடி மட்டும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. மினரலில் பணம் போடுவது வீண்.

ஜனதா_17

ரைடர் தம்பி சொல்வது ஒரு பக்கம். நான் இன்னொரு பக்கம் சொல்கிறேன்.

அப்பாவின் பழைய எச்எம்டி ஜனதா வாட்ச் என்னிடம் இருக்கிறது. மேலே அக்ரிலிக், நம் ஊர்ப் பேச்சில் பிளாஸ்டிக் கண்ணாடி. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் அப்பா. அவர் கையில் முப்பது வருடம் கிடந்த வாட்ச் என் கைக்கு வந்தபோது டயலில் எழுதியிருந்த ஹிந்தி எழுத்துகூடப் படிக்க முடியாத அளவுக்கு மேலே மங்கிப்போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கேஸைச் சுற்றி செலோடேப் ஒட்டினேன். 1,000 நம்பர் உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து, தண்ணீரில் தொட்டு, ஒரே திசையில் பத்துப் பதினைந்து இழுப்பு. கண்ணாடி முழுக்கப் பால் மாதிரி வெளுத்துவிட்டது. கெடுத்துவிட்டோமோ என்று நெஞ்சு படபடத்தது நிஜம். அப்புறம் 2,000 நம்பரில், முதலில் இழுத்ததற்குக் குறுக்காக. கடைசியில் பழைய பனியன் துணியில் பயறளவு வெள்ளை டூத்பேஸ்ட் வைத்து விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். ஐந்தாவது நிமிடம் விநாடி முள் தெரிந்தது. பத்தாவது நிமிடம் "ஜனதா" என்ற எழுத்து.

வேறு எந்தக் கண்ணாடியிலும் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. சஃபையரில் கீறல் விழுந்தால் விழுந்ததுதான். அக்ரிலிக்கில் விழுந்தால் சனிக்கிழமை விழுந்ததை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடலாம். நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரிலும் இருந்தது அக்ரிலிக்தான். அடிபட்டால் சில்லுச் சில்லாகச் சிதறாது என்பது அதன் பெரிய பலம்.

மலைக்கோட்டை_வாட்ச்

சைட் தம்பி, வாங்குவதை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். திருச்சியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. கீறலைப் பார்த்தாலே அது எப்படி விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதனால் கேட்கிறேன்.

அந்தச் சிலந்தி வலைக் கோடெல்லாம் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் போகிறதா, தாறுமாறாக இருக்கிறதா? போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். அப்புறம், சாயங்காலம் வேலை முடிந்ததும் வாட்ச்சை எதில் துடைக்கிறீர்கள்?

டூத்பேஸ்ட் விஷயத்தை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கில்தான் அது வேலை செய்யும்.

சைட்_நெல்லை

அண்ணா, டார்ச் அடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே வட்ட வட்டமாகத்தான் இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. அந்த ஆழமான கீறல் மட்டும் நேர்கோடு.

கழுத்தில் போட்டிருக்கும் துண்டில்தான் துடைப்பேன். பூச்சு வேலை நடக்கிற நாளில் வாட்ச் மேல் மாவு மாதிரி தூசி படிந்திருக்கும். கீழே இறங்கி வந்ததும் துண்டை வைத்து நன்றாகத் தேய்த்துவிடுவேன்.

மலைக்கோட்டை_வாட்ச்

அதுதான் தம்பி. துண்டு கீறவில்லை, துண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிய மணல் கீறியிருக்கிறது. ஜனதா சார் உப்புத்தாளில் வேண்டுமென்று செய்ததை நீங்கள் தெரியாமல் தினமும் துண்டில் செய்திருக்கிறீர்கள்.

என் கடைக்கு வரும் மினரல் கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றில் இந்த வட்டக் கோட்டைத்தான் பார்க்கிறேன். சுவரில் இடித்து விழும் கீறல் ஒன்றோ இரண்டோ இருக்கும். மீதியெல்லாம் துடைத்ததால் விழுந்தது.

கல்_டீச்சர்

கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன், கல், தாது பற்றிய பாடம். இந்தக் கேள்விக்கு எங்கள் பாடத்தில் நேரடியாகவே பதில் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

எது எதைக் கீறும் என்பதை 1812-ல் ஃபிரெட்ரிக் மோஸ் பத்துப் படிகளாக வரிசைப்படுத்தினார். முதல் படியில் டால்க், அதாவது மாக்கல் வகை. பத்தாவது படியில் வைரம். மேல் படியில் இருப்பது கீழ் படியில் இருப்பதைக் கீறும். சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரை. ஸ்டீல் பெரும்பாலும் கண்ணாடிக்கு ஒத்தபடி அல்லது ஒரு படி கீழே. நாம் கட்டும் வாட்ச் கேஸ், வீட்டுச் சாவி, பித்தளைக் கைப்பிடி எல்லாம் அந்தப் பக்கம்தான். அதனால் பாக்கெட்டில் சாவியோடு போட்டாலும் மினரல் கண்ணாடி அவ்வளவு எளிதில் கீறாது. பலர் சாவியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியது சாவியோடு பாக்கெட்டில் கிடக்கும் மண்ணைப் பார்த்து.

மணல் என்பது பெருமளவு குவார்ட்ஸ், படி ஏழு. ஆற்று மணலோ எம்-சாண்டோ, இரண்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. கிரானைட்டை உடைத்துத்தானே எம்-சாண்ட் செய்கிறார்கள்? கிரானைட்டில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இருக்கின்றன, படி ஏழும் ஆறும். அதனால் சமையலறை கிரானைட் மேடையில் வாட்ச்சைக் குப்புற வைத்து இழுத்தாலும் மினரல் கண்ணாடியில் கோடு விழும். தெருப் புழுதியிலும் வீட்டுத் தூசியிலும் குவார்ட்ஸ் துகள் உண்டு. சைட்டில் அது பல மடங்கு.

சஃபையர் ஒன்பது. குவார்ட்ஸால் அதைத் தொட முடியாது. ரைடர் சொல்லும் அனுபவம் அதனால்தான். சஃபையர் என்பது கொரண்டம் என்ற தாது, அலுமினியம் ஆக்சைடு. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல், நிறமே இல்லாமல் செயற்கையாக வளர்த்தால் வாட்ச் கண்ணாடி. கொரண்டம் என்ற ஆங்கிலப் பெயரே நம் "குருந்தம்" என்ற சொல்லிலிருந்து போனது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் இந்தத் தாது இயற்கையாகவே இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், எனக்கும் ஒவ்வொரு முறையும் பெருமையாக இருக்கும்.

ஜனதா_17

டீச்சர், நீங்கள் சொன்னதும் ஒன்று தோன்றுகிறது. ஜனதா டயலில் "17 ஜுவல்ஸ்" என்று போட்டிருக்கும். உள்ளே சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்க வைக்கும் கற்கள் அவை. அவையும் செயற்கை மாணிக்கம்தானே? அப்படியானால் அப்பா வாட்ச்சில் மேலே பிளாஸ்டிக், உள்ளே 17 குருந்தக் கல்!

கல்_டீச்சர்

ஆமாம் சார், அதே பொருள்தான். பிரெஞ்சு வேதியியலாளர் ஓகஸ்ட் வெர்னுய் 1902-ல் தூளைத் தீச்சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் வாட்ச் கற்கள் மலிவாகின.

வார்டு_நைட்டிங்கேல்

நான் நர்ஸ். அக்ரிலிக்கைப் பற்றி ஜனதா சார் எழுதியது எல்லாம் சரி, ஆனால் எங்கள் வேலைக்கு அது ஒத்துவரவில்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பணியில் மணிக்கட்டில் கட்டக் கூடாது என்பதால் சட்டைப் பையில் குத்தும் தொங்கு வாட்ச் வைத்திருந்தேன், பிளாஸ்டிக் கண்ணாடி. ஒவ்வொரு நோயாளியையும் தொட்ட பிறகு ஸ்பிரிட் கலந்த கைகழுவி, அதே ஈரக் கையால் வாட்ச்சைத் திருப்பி நாடித்துடிப்பு பார்ப்பது. ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு. ஆறு மாதத்தில் கண்ணாடிக்கு உள்ளேயே நுண்ணிய வெடிப்பு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, காய்ந்த குளத்து மண் மாதிரி. வெளியே தடவினால் வழவழவென்றுதான் இருக்கிறது. இது கீறலா?

மலைக்கோட்டை_வாட்ச்

கீறல் இல்லைம்மா. அக்ரிலிக்குக்கு ஆல்கஹால் ஆகாது. கேஸுக்குள் இறுக்கிப் பொருத்தியிருப்பதால் அந்தப் பிளாஸ்டிக் எப்போதும் ஒரு அழுத்தத்தில் இருக்கும். ஆல்கஹால் பட்டுப் பட்டு அந்த இடங்களில் உள்ளே வெடிப்பு ஓடும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் போகாது, மாற்றத்தான் வேண்டும். உங்களுக்கு மினரல் கண்ணாடி போதும். ஸ்பிரிட் அதை ஒன்றும் செய்யாது, ஆஸ்பத்திரியில் மணலும் கிடையாது.

ஜனதா_17

இது எனக்குத் தெரியாது. போன வாரம்தான் ஒரு எச்எம்டியைச் சானிடைசர் போட்டுத் துடைத்தேன். இனி சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டுத்தான். எழுதியதற்கு நன்றி சிஸ்டர்.

சைட்_நெல்லை

இவ்வளவு தெரிந்த பிறகு சஃபையர் ஆசை இன்னும் கூடிவிட்டது. சைட்டில் மணலை ஒழிக்க முடியாதே! 6,000 ரூபாய்க்குள் ஆன்லைனில் தேடினால் "சஃபையர் கோட்டட்", "சஃபையர் கிளாஸ்", "கிரிஸ்டல் கிளாஸ்", "ஹார்ட்லெக்ஸ்" என்று விதவிதமாகப் போட்டிருக்கிறார்கள். எது எது?

மலைக்கோட்டை_வாட்ச்

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். கடையில் நான் அதிகம் வாதாடுவது இந்த விஷயத்துக்குத்தான்.

"கிரிஸ்டல் கிளாஸ்" என்றால் ஒன்றுமே சொல்லவில்லை என்று அர்த்தம். வாட்ச் கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் கிரிஸ்டல் என்றுதான் பெயர், பிளாஸ்டிக்குக்கும் சேர்த்து. "மினரல்" என்றால் ஜன்னல் கண்ணாடியின் குடும்பம், கொஞ்சம் பதப்படுத்தியது. ஹார்ட்லெக்ஸ் என்பது செய்கோ தன்னுடைய பதப்படுத்திய மினரலுக்கு வைத்திருக்கும் பெயர். நல்ல கண்ணாடி, அடிக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் மணல் அதையும் கீறும். பதப்படுத்துவது என்பது பெரும்பாலும் உடையாமல் இருக்கச் செய்வது, கீறல் விழாமல் இருக்கச் செய்வது இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் வாடிக்கையாளர் ஏமாந்துபோகிறார்.

"சஃபையர் கோட்டட்" என்பதில் கவனம் தேவை. அடியில் மினரல், மேலே மெல்லிய பூச்சு. புதிதில் நன்றாகவே இருக்கும். ஆழமாக ஒரு துகள் அழுத்தினால் பூச்சோடு சேர்ந்து அடிக்கண்ணாடியும் கீறும், பூச்சு உரிந்த இடம் திட்டாகத் தெரியும். முழு சஃபையர் விலை கொடுத்து அதை வாங்காதீர்கள். சஃபையர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கோட்டிங் என்றோ லேயர் என்றோ இருக்கிறதா என்று விளக்கப் பகுதியைக் கடைசி வரி வரை படியுங்கள்.

வாங்கிய பிறகு எப்படிச் சோதிப்பது? தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. சொட்டு குண்டாக நின்றால் சஃபையர், பரவினால் மினரல் என்பார்கள். கண்ணாடி மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், ஏதாவது பூச்சு இருந்தாலும் இந்தச் சோதனை பொய் சொல்லும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சஃபையர் சில்லென்று இருக்கும், மினரல் அவ்வளவு இருக்காது. சஃபையர் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் அப்படி. நான் வைரம் பார்க்கும் டெஸ்டர் பேனா வைத்துப் பார்க்கிறேன். வைரத்துக்கு முழுசாக ஏறும், சஃபையருக்குக் கொஞ்சம் ஏறும், மினரல் மேல் வைத்தால் அசையாது. நகைக் கடையில் தெரிந்தவர் இருந்தால் ஒரு நிமிட வேலை. கத்தியால் கீறிப் பார்க்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள்.

ஈரோடு_ரைடர்

அண்ணா, கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், ஜில்லென்றுதான் இருக்கிறது. ஒரு விஷயத்தை நான் மறைக்கக் கூடாது: வெயிலில் என் வாட்ச் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். டயலுக்குப் பதில் என் முகம்தான் தெரியும். இது எல்லா சஃபையரிலும் உண்டா?

கல்_டீச்சர்

உண்டு. சஃபையர் ஒளியை அதிகம் வளைக்கும் பொருள், ஒளிவிலகல் எண் 1.77. கண்ணாடிக்கு 1.52. கணக்குப் போட்டால் மேல் பரப்பிலிருந்து மட்டும் சஃபையர் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும், கண்ணாடி நான்கு பங்கு. கிட்டத்தட்ட இரு மடங்கு. அதைக் குறைக்கத்தான் எதிரொளி தடுக்கும் பூச்சு போடுகிறார்கள்.

மலைக்கோட்டை_வாட்ச்

அந்தப் பூச்சு உள் பக்கம் மட்டும் இருந்தால் நல்லது. வெளிப்பக்கமும் இருந்தால் பூச்சு கீறும். "சஃபையர் கீறிவிட்டது, என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் கீறியது மேல்பூச்சுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சஃபையர் விளிம்பில் அடி வாங்கினால் சில்லு பெயரும். மெல்லியதாகப் போட்டிருந்தால் உடையவும் செய்யும். மினரல் உடைந்தால் தூள் கீழே விழுந்து டயலில் ஒட்டும், ஊதி எடுத்துவிடலாம். சஃபையர்த் தூள் முள்ளுக்கு அடியில் போய் மாட்டினால் டயலைக் கோடு போட்டுவிடும், இயந்திரத்துக்குள் போனால் முழுசாகப் பிரித்துக் கழுவ வேண்டும். ஒரு பைக் விபத்தில் அடிபட்டு வந்த வாட்ச்சை இரண்டு நாள் உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறேன். கீறாத பொருள் உடையாத பொருள் ஆகிவிடாது, தம்பி.

ஈரோடு_ரைடர்

நேற்று இரவு பெட்ரோல் போட்டுவிட்டு வந்து ஷட்டரை இழுத்தேன், வாட்ச் ஷட்டர் ஓரத்தில் நன்றாக உரசிவிட்டது. காலையில் பார்த்தால் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளக் கோடு! இரண்டு வருடமாக ஒன்றும் ஆகாத கண்ணாடி. ஷட்டர் வெறும் இரும்புத் தகடுதானே? டீச்சர் கணக்குப்படி இது நடக்கவே கூடாது. என்னுடையது போலி சஃபையரா? மனசே சரியில்லை.

கல்_டீச்சர்

பதற வேண்டாம். அந்தக் கோட்டின் மேல் நகத்தை இழுத்துப் பாருங்கள். தட்டுகிறதா, இல்லை மேலே லேசாக எழும்பி இருக்கிறதா? சாம்பல் நிறம் என்கிறீர்களே, கண்ணாடிக் கீறல் பொதுவாக வெள்ளையாகத் தெரியும்.

பென்சில் ரப்பர் இருந்தால் அதை வைத்து அழித்துப் பாருங்கள். மெதுவாக, ஒரு நிமிடம்.

ஈரோடு_ரைடர்

டீச்சர்!! போய்விட்டது. பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பர் எடுத்துத் தேய்த்தேன், முதலில் கோடு நடுவில் அறுந்தது, அப்புறம் முழுசாகவே காணோம். ரப்பர் நுனி கறுப்பாகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், ஒரு தடம்கூட இல்லை. என்ன நடந்தது?

கல்_டீச்சர்

ஷட்டர் உங்கள் கண்ணாடியைக் கீறவில்லை, உங்கள் கண்ணாடிதான் ஷட்டரைக் கீறியிருக்கிறது. மென்மையான உலோகம் கடினமான கல்லில் உரசும்போது உலோகம் தேய்ந்து கல் மேல் ஒட்டிக்கொள்ளும். கரும்பலகையில் சாக்பீஸ் எழுதும் அதே கதை. பொன் உரைத்துப் பார்க்கும் உரைகல்லும் இப்படித்தான் வேலை செய்கிறது. உங்கள் வாட்ச்சில் ஷட்டரின் இரும்பு கோடு போட்டிருந்தது.

சஃபையரைக் கீறக் கூடியவை தினசரி வாழ்க்கையில் கொஞ்சம்தான்: வைர மோதிரம், எமரித் தாள், சாணைச் சக்கரம், நகம் தேய்க்கும் சில வகை அரங்கள். எமரியில் இருப்பது கொரண்டமேதான், ஒன்பதை ஒன்பது கீறும். வைரம் பத்து என்றாலும் அந்த ஒரு படி பெரிய படி. அளந்து பார்த்தால் வைரம் கொரண்டத்தைப் போலச் சுமார் நான்கு மடங்கு கடினம். மோஸ் வரிசை யார் முன்னே யார் பின்னே என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு முன்னே என்று சொல்லாது.

மலைக்கோட்டை_வாட்ச்

இந்த ரப்பர் விஷயத்தை என் கடையில் எழுதி ஒட்டப் போகிறேன். இத்தனை வருடத்தில் நான் பாலிஷ் பேஸ்ட் வைத்துத்தான் எடுத்திருக்கிறேன்.

சைட்_நெல்லை

எனக்கு ஒரு சந்தேகம் அண்ணா. என் சைட்டில் டைல்ஸ் வெட்டுவார்கள், கிரைண்டர் ஓடும். சஃபையர் போட்டாலும் அங்கே ஆபத்துதான் என்று புரிகிறது. இந்த வாட்ச்சின் கேஸ், மெஷின் எல்லாம் நன்றாக இருக்கிறது. முதல் சம்பள உயர்வில் வாங்கியது என்பதால் ஒதுக்கி வைக்கவும் மனசு வரவில்லை. கண்ணாடியை மட்டும் மாற்றினால் என்ன?

மலைக்கோட்டை_வாட்ச்

அதைத்தான் நீங்களே கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

தட்டைக் கண்ணாடியா, மேடு வைத்ததா என்று பாருங்கள். தட்டை என்றால் எந்த ஊர் ரிப்பேர் கடையிலும் கிடைக்கும். விட்டம் 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் சைஸ் வரும், வெர்னியர் வைத்து அளந்து எடுப்போம். பழைய கண்ணாடியைத் தள்ளி எடுத்து, ஓரத்து பிளாஸ்டிக் வாஷரை மாற்றி, புதியதைப் பிரஸ்ஸில் வைத்து அமுக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து இறங்கினால் ஓரத்தில் சில்லு போகும், அதனால் கை அவசரப்படக் கூடாது. பொருத்தும் முன் உள்பக்கத்தை ஊதுபந்தால் ஊதச் சொல்லுங்கள். ஒரு தூசி உள்ளே மாட்டினால் தினமும் அதுதான் உங்கள் கண்ணில் படும். என் கடையில் கூலியோடு 250 ரூபாய் வாங்குகிறேன்.

பழைய கண்ணாடியின் தடிமனை அளந்து அதே தடிமனில் கேளுங்கள். மெல்லியதாகப் போட்டால் மலிவு, ஆனால் கேஸ் விளிம்புக்குக் கீழே இறங்கி நிற்கும், அழுத்தத்துக்கும் தாங்காது. கண்ணாடி மாற்றிய பிறகு தண்ணீர் புகாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி கடையில் இல்லையென்றால் அதோடு குளிக்காதீர்கள்.

சீரியம் ஆக்சைடு என்ற பாலிஷ் தூள் வைத்து மினரலைப் பாலிஷ் செய்யலாம், செய்திருக்கிறேன். கம்பளிச் சக்கரத்தில் நேரம் கணக்கில்லாமல் போகும், மேலோட்டமான கோடுதான் போகும், உங்கள் நான்கு மணிக் கீறல் போகவே போகாது. அதற்குப் புதுக் கண்ணாடி மலிவு. தட்டை சஃபையரும் அதே சைஸில் வரவழைத்துப் போடலாம், விலை பல மடங்கு. உங்கள் சைட்டுக்கு நான் மினரல்தான் சொல்வேன். வருடம் ஒரு முறை மாற்றினாலும் நஷ்டமில்லை.

ஜனதா_17

துடைப்பதற்கும் ஒரு வழி சொல்லிவிடுங்கள் அண்ணா, எல்லோருக்கும் பயன்படும்.

மலைக்கோட்டை_வாட்ச்

எடுத்த எடுப்பில் துடைக்கவே கூடாது, முதலில் ஊதுங்கள். அப்புறம், தண்ணீர் தாங்கும் வாட்ச் என்றால் குழாயடியில் லேசாகக் காட்டுங்கள், தாங்காது என்றால் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். மணல் போன பிறகுதான் காய்ந்த துணி. இது அக்ரிலிக், மினரல் இரண்டுக்கும் பொருந்தும்.

இன்னொன்று, விலைக்குள் புது வாட்ச் பார்ப்பவர்களுக்கு: கண்ணாடியைவிடக் கேஸ் விளிம்பு உயர்ந்து நிற்கும் மாடல் எடுங்கள். கேஸியோ ஜி-ஷாக் 5600-ல் இருப்பது மினரல்தான். சுற்றியிருக்கும் விளிம்பு உயரமாக இருப்பதால் சுவரில் உரசினால் விளிம்புதான் முதலில் தொடும். மேடு வைத்த கண்ணாடி அழகு, நானும் விரும்புகிறேன், ஆனால் அது எல்லாவற்றுக்கும் முன்னால் போய் இடிக்கும்.

சைட்_நெல்லை (இரண்டு மாதம் கழித்து)

கடமைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போக மனசில்லாமல், பார்த்துவிட்டே எழுதலாம் என்று இருந்தேன்.

டவுனில் ஒரு கடையில் கண்ணாடி மாற்றினேன், அதே தடிமன், 1.5 மில்லிமீட்டர். கடைக்காரர் பழையதைத் தள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், பனி பிடித்த ஜன்னல் மாதிரி இருந்தது. அதன் வழியாகத்தான் இத்தனை நாள் மணி பார்த்திருக்கிறேன்.

துண்டில் துடைப்பதை விட்டுவிட்டேன். இறங்கி வந்ததும் க்யூரிங் பைப் தண்ணீரில் ஒரு கழுவு, பிறகு கையை உதறிக் காயவிடுவது, அவ்வளவுதான். கடையில் அழுத்தம் வைத்துச் சோதித்துத்தான் கொடுத்தார், அதனால் தைரியமாகக் கழுவுகிறேன். பூச்சு வேலை நடக்கும் நாளில் வாட்ச்சை மணிக்கட்டுக்கு உள்பக்கம் திருப்பிக் கட்டுகிறேன். நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு மேலே முடி மாதிரி ஒரே ஒரு கோடு. வளையம் எதுவும் இல்லை.

கல்_டீச்சர்

படித்ததும் சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் எனக்கு வேண்டும். உங்கள் சைட்டின் எம்-சாண்டும் ஒரு தீப்பெட்டி அளவு. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மோஸ் வரிசை நடத்தும்போது கல்லை மட்டும் காட்டுவதைவிட இதைக் காட்டினால் மறக்க மாட்டார்கள்.

சைட்_நெல்லை

பர்ஸில்தான் வைத்திருக்கிறேன் டீச்சர். மணலோடு சேர்த்து இந்த வாரமே அனுப்புகிறேன்.

மலைக்கோட்டை_வாட்ச்

ஒன்று போதுமா? கழற்றிய கண்ணாடிகளைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டின் ஒன்று கடையில் நிரம்பிக் கிடக்கிறது. மினரல், அக்ரிலிக் எல்லாம் கலந்து இருக்கும், உடைந்த சஃபையரும் இரண்டு துண்டு கிடக்கிறது. காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, எது எது என்று எழுதி அனுப்புகிறேன். கல்லூரி முகவரியைத் தனிமடலில் போடுங்கள் டீச்சர்.